மாலத்தீவுக்குப் புறப்படும் முன்

மாலத்தீவு என்றதும் நம் மனத்தில் வருவது பெரும்பாலும் ஒரே படம்தான். நீர்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, அடிவரை தெரியும் நீலக் கடல், யாரோ ஒருவர் கையில் இளநீர். சமூக ஊடகம் நமக்குக் கொடுத்த படம் அது. அந்தப் படத்தில் பள்ளிவாசல் இல்லை. பள்ளி விட்டுச் சீருடையோடு வீடு திரும்பும் பிள்ளைகள் இல்லை. மாலை வேளையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கதை பேசும் அக்காமாரும் இல்லை. ஆனால் முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெறமுடியாது என்று 2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் அங்குப் போய் வந்தோம். நான், பல்கலைக்கழகத் தோழிகள் மூவர், அவர்களில் ஒருத்தியின் 18 வயதுத் தம்பி. உல்லாசத் தீவில் தங்க எங்களிடம் பணம் இல்லை. மக்கள் வாழும் தீவு ஒன்றில் சிறிய விருந்தினர் இல்லத்தில் தங்கினோம். இப்போது என் வகுப்பில் நான்கைந்து பேர் அதே போன்ற பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். "என்ன எடுத்துப் போகணும்?" என்று கேட்கிறார்கள். எதை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். "நாம்தான் மலாய் நண்பர்களோடு வளர்ந்தவர்களாயிற்றே, நமக்குத் தெரியாதா?" என்று பலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஹலால் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நோன்பு மாதத்தில் தோழியின் எதிரே உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற தயக்கம் நமக்குத் தொடக்கப்பள்ளியிலேயே வந்துவிடுகிறது. பள்ளிவாசலுக்குள் காலணியோடு நுழையக்கூடாது என்பதும் தெரியும். ஐரோப்பாவிலிருந்து வரும் பயணி புதிதாகக் கற்கவேண்டிய பல விஷயங்கள் நம் கையிலேயே இருக்கின்றன.

ஆனால் நமக்குத் தெரிந்தது, பல சமயத்தவர் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அருகருகே இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை காவடி போகும். அந்த ஏற்பாட்டை நாம் எங்கும் எதிர்பார்க்கிறோம், அப்படி எதிர்பார்ப்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. மாலத்தீவில் பாங்கு ஓசை எனக்குப் புதிதாக இல்லை, ஊரில் கேட்பதுபோல் இதமாகவே இருந்தது. புதிதாக இருந்தது வேறு எதுவும் இல்லாததுதான். ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு விகாரை, ஒரு வீட்டு வாசலில் மாவிலை, எதுவும் கண்ணில் படாது. பிற சமய வழிபாட்டை அங்கே பொது இடத்தில் நடத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நம்மைப் போன்றவர்கள் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியது இதற்குத்தான்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். மாலத்தீவுச் சுங்கத்துறை மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள் ஆகியவற்றைப் பயணிகள் கொண்டுவர விடுவதில்லை. சாங்கியில் வாங்கிய மதுப்புட்டியோடு இறங்கினால் சுங்கத்தில் வைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவருக்கு அதுதான் நடந்தது. சண்டை எதுவும் இல்லை, ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள். விருந்தினர் இல்லத்துக்காரருக்கு அன்பளிப்பாகப் பக்குவா வாங்கிப் போகலாம் என்று தோன்றலாம். வேண்டாம். கேக், பிஸ்கட், காயா ஜாம் போதும்.

மின்சிகரெட் பற்றி நம் ஊரில் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் "வெளிநாட்டில்தானே, அங்கே போய் வாங்கிக்கலாம்" என்று பேசுபவர்களை நானே கேட்டிருக்கிறேன். மாலத்தீவும் மின்சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. 2024 நவம்பர் முதல் அதைக் கொண்டுவரவே கூடாது. அதைவிடப் புதிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் புகையிலைப் பொருள் எதையும் வாங்கவோ பயன்படுத்தவோ முடியாது. 2025 நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் சுற்றுப்பயணிகளுக்கும் பொருந்தும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருமே அந்த வரம்புக்குள் வருகிறார்கள். இது சமயச் சட்டமும் அல்ல, பொதுச் சுகாதாரச் சட்டம். முஸ்லிம் நாட்டில் எதைத் தடுத்தாலும் சமயத்தின் பேரில்தான் தடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

சிலை விஷயம்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சானது. வெளியூர் போகும் எவர் பெட்டியிலும் சுண்டுவிரல் உயரப் பிள்ளையார் ஒருவரை வைத்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். அண்ணன் தேசியச் சேவைக்குப் போனபோதுகூட வைத்தார். சுங்க விதியை நான் படித்துக் காட்டியதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நம்ம சாமியை வெளியே வச்சிட்டு வான்னு சொல்ற ஊருக்கு நீ ஏன் போகணும்?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. என் தோழிகளில் ஒருத்தியும் அதையே வேறு விதமாகக் கேட்டாள். "அவர்கள் நம் சமயத்தை மதிக்கவில்லை. நாம் மட்டும் ஏன் தோளை மூடிக்கொண்டு போகவேண்டும்?"

என் பதில் இது. ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் அதை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. அந்த விதி சரி என்று நான் நினைக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஓர் அங்குலச் சிலையால் எந்த நாட்டின் நம்பிக்கைக்கும் குறை வந்துவிடாது என்பதே என் கருத்து. அதை இங்கே எழுதலாம், வகுப்பில் வாதாடலாம். ஆனால் சுங்க மேசையில் நிற்கும் ஊழியரோடு வாதாட அந்தச் சட்டத்தை அவர் எழுதவில்லை. எனக்குத் தங்க இடம் கொடுத்த குடும்பமும் எழுதவில்லை. போகாமல் இருப்பது ஒரு நேர்மையான முடிவு. அப்படி முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். போவது என்று முடிவெடுத்த பிறகு, தெரிந்துகொண்டே சிலையை மறைத்து எடுத்துப் போவது துணிச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டால் கூட வந்த நால்வரும் சேர்ந்து காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பேச்சை முடித்து வைத்தவர் பாட்டி. "அவர் பெட்டிக்குள்ளதான் இருப்பாரா?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பிள்ளையார் வீட்டு மாடத்திலேயே இருந்தார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை 'முஸ்லிம் நாடுகளின் வழக்கம்' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக உள்ள மலேசியாவில்தான் பத்துமலை இருக்கிறது. உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனீசியாவில் பிரம்பானான் கோயில்கள் இருக்கின்றன, அரசே அவற்றைப் பாதுகாக்கிறது. துபாயின் ஜெபல் அலியில் 2022ஆம் ஆண்டு புதிய இந்துக் கோயில் ஒன்று திறக்கப்பட்டது. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் பெரிய கற்கோயில் ஒன்று திறக்கப்பட்டது. துருக்கியில் மது கடைகளில் கிடைக்கும். புருணையில் 1991 முதல் மது விற்பனையே இல்லை. 'முஸ்லிம் நாடு' என்ற ஒரே தலைப்பில் தயாராக முடியாது. மாலத்தீவுக்குத் தயாராகலாம், ஜோர்தானுக்குத் தயாராகலாம், புருணைக்குத் தயாராகலாம். ஒன்றுக்கான பட்டியல் இன்னொன்றுக்கு உதவாது.

மாலத்தீவுக்குள்ளேயே ஒரே பட்டியல் உதவாது என்பதுதான் வேடிக்கை. அந்நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் வாழ்வது அவற்றில் 200க்கும் குறைவானவற்றில். 1972ஆம் ஆண்டு முதல் உல்லாசத் தீவு திறக்கப்பட்டபோதிலிருந்தே பயணிகள் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். உல்லாசத் தீவில் மது உண்டு, நீச்சலுடையில் நடக்கலாம். மக்கள் வாழும் தீவுகளில் பயணிகள் தங்குவதற்குப் பல ஆண்டுகள் வழியே இல்லாமல் இருந்தது. 2009 வாக்கில்தான் அங்கு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கொடுத்தார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் போக முடிவது அதனால்தான். அதே காரணத்தால்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் தயாரிப்புகளும் தேவைப்படுகின்றன. உல்லாசத் தீவில் தங்குபவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே படகேறிவிடுவார்கள், அவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

சரி, உடை. மக்கள் வாழும் தீவுகளில் தெருவில் நடக்கும்போது தோளும் தொடையும் மூடியிருக்கவேண்டும். நமக்கு இது கடினமே இல்லை. தீபாவளிக்கு வாங்கிய பருத்திக் குர்தாவும் தளர்வான கால்சட்டையும் அந்த வெயிலுக்கு மிகப் பொருத்தம். முக்காடு போடவேண்டிய கட்டாயம் பயணிகளுக்குக் கிடையாது. பள்ளிவாசலுக்குள் செல்வதற்கு மட்டும் ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். பையன்களுக்கும் விதி உண்டு. நீந்திவிட்டுச் சட்டை போடாமல் கடைக்குப் போவது அங்கே நாகரிகமல்ல. இதைப் பெண்களுக்கு மட்டுமே சொல்லி அனுப்பும் பெற்றோர்கள் மகன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லவேண்டும்.

கடற்கரையில்தான் கவனம் தேவை. பயணிகள் அதிகம் வரும் தீவுகளில் நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரையை ஒதுக்கி, மறைப்பும் பலகையும் வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைத் தாண்டியதும் ஊர் தொடங்கிவிடும். 2020 பிப்ரவரியில் மாஃபுஷி தீவில் நீச்சலுடையோடு சாலையில் நடந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரைக் காவலர்கள் பலவந்தமாகப் பிடித்த காணொளி உலகெங்கும் பரவியது. காவல்துறைத் தலைவரே பிறகு பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காணொளியைப் பார்த்த என் தோழியின் அப்பா பயணமே வேண்டாம் என்றார். நான் அதை வேறு விதமாகப் பார்த்தேன். காவலர்கள் நடந்துகொண்ட விதம் தவறு, அதை அவர்களின் தலைவரே ஒப்புக்கொண்டார். ஆனால் விதி ஒன்று இருந்தது என்பதும் உண்மை. ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாலை பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. தோ பாயோ புளோக்குகளுக்கு நடுவே ஒருவர் நீச்சலுடையில் நடந்தால் நாமும் திரும்பிப் பார்ப்போம் அல்லவா?

நீந்தப் போகும் பெண்களுக்கு ஒரு சின்ன யோசனை. முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரையிலான நீச்சல் கால்சட்டையும் எடுத்துப் போனால் எந்தக் கடற்கரை, எந்தப் பலகை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். முதுகும் தோலுரியாது. நாங்கள் நால்வரும் அப்படித்தான் போனோம். அந்தத் தீவுப் பெண்கள் முழு உடையோடும் முக்காட்டோடும் சர்வ சாதாரணமாக நீந்துவதைப் பார்த்தபோது, எங்கள் நீச்சல் திறமை பற்றித்தான் வெட்கமாக இருந்தது.

மதுவைப் பற்றி ஒரு வரி போதும் என்று நினைத்தேன், இரண்டு வரி தேவைப்படுகிறது. மக்கள் வாழும் தீவில் மது கிடையாது. ஆனால் பயணிகள் மொய்க்கும் சில தீவுகளில், கரையிலிருந்து சில நிமிடத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் கூட்டிப்போய் மது கொடுக்கிறார்கள். சட்டம் மணலோடு முடிந்து, தண்ணீரில் வேறொன்று தொடங்குகிறது. இதைப் பாசாங்கு என்று சொல்லலாம். ஊரையும் காப்பாற்றி வருமானத்தையும் காப்பாற்றும் வழி என்றும் சொல்லலாம். ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வரும் நாடு, மக்கள்தொகையோ வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்து ஐந்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கப்பல்கள் ஏன் நிற்கின்றன என்பது புரியும்.

போதைப்பொருள் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. தண்டனை கடுமை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்துச்சீட்டோடு போகவேண்டும். காதலர்கள் தெருவில் கட்டிப்பிடிப்பதைத் தவிர்க்கவேண்டும். ஒரே பாலினத்தவரின் உறவு அங்கே குற்றம் என்பதையும் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள். அது எனக்குப் பிடித்த சட்டம் இல்லை. ஆனால் அதைத் தெரியாமல் போவது ஆபத்து.

இனி நாள்காட்டி. வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரே பள்ளிவாசலில் இருக்கும், கடைகள் மூடிவிடும். இரண்டு மூன்று வெள்ளிக்குத் தீவுக்குப் போய்ச் சேரும் மலிவான பொதுப் படகுகளில் பல வெள்ளியன்று ஓடுவதில்லை. வியாழன் இரவு விமானத்தில் இறங்குபவர் மறுநாள் படகு இல்லாமல் விரைவுப் படகுக்குப் பல மடங்கு கொடுக்க நேரும். எங்கள் பயணத்திட்டத்தில் முதலில் தீர்மானித்ததே இந்தக் கிழமைக் கணக்கைத்தான். சனிக்கிழமை இறங்குவது போல் விமானம் பிடித்தோம். வியாழன் மாலைக்குள் மாலே நகருக்குத் திரும்பினோம்.

நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து வரும். இப்போதைக்கு அது ஜூன் விடுமுறையிலும் வராது, டிசம்பரிலும் வராது. ஆனால் 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் இன்னொரு முறையும் நோன்பு தொடங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று உயர்நிலை நான்கில் இருப்பவர்கள் பட்டயப்படிப்பு முடித்துச் சுற்றப் போகும் காலம் அது. நோன்பு மாதத்தில் மக்கள் வாழும் தீவுகளின் காப்பிக்கடைகள் பகலில் மூடியிருக்கும். தங்கும் இல்லத்துக்குள் பயணிகளுக்குச் சாப்பாடு கிடைக்கும், வெளியில் நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது முறை. இதைக் கேட்டதும் அந்த மாதத்தைத் தவிர்க்கவேண்டும் என்று தோன்றும். கேலாங் செராய் சந்தையின் நோன்பு மாத இரவுகளைத் தேடிப் போகும் நாம் அப்படி முடிவெடுக்கலாமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்குத்தான் உண்மையான சோதனை. அந்த நாட்டின் காலைச் சாப்பாடு மாஸ் ஹூனி. சூரை மீனைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாயோடு பிசைந்து, ரோஷி என்ற ரொட்டியோடு சாப்பிடுவார்கள். மாலைத் தேநீரோடு வரும் பலகாரங்கள் பார்ப்பதற்கு நம் வடை போலவும் சமோசா போலவும் இருக்கும். உள்ளே பெரும்பாலும் சூரை மீன்தான். 'மாஸ்' என்றால் திவேஹி மொழியில் மீன். இலங்கைச் சம்பலில் போடும் மாசிக் கருவாடு நினைவுக்கு வருகிறதா? அதுவேதான். எங்களில் ஒருத்தி சைவம். "காய்கறிதானா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், ஏனென்றால் காய்கறியும் இருக்கும்தானே! "மாஸ் இருக்கிறதா?" என்று கேட்டபிறகுதான் சரியான பதில் வந்தது. கிளம்பும் முன்பே விருந்தினர் இல்லத்துக்கு எழுதிவிட்டதால் காலையில் அவளுக்கு முட்டையும் ரொட்டியும் பருப்பும் தனியாக வந்தன. அவள் பையில் கொண்டுபோன புளியோதரைப் பொடி கடைசி நாள்வரை திறக்கப்படவே இல்லை.

பயண நூல்களில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நம் முகமும் நிறமும் அங்கே வேறு விதமாகப் படிக்கப்படும். அந்நாட்டின் கட்டுமானத்திலும் கடைகளிலும் படகுகளிலும் பங்களாதேஷ், இந்திய, இலங்கை ஊழியர்கள் நிறைந்திருக்கிறார்கள். படகுத்துறையில் எங்கள் தம்பியைப் பார்த்து ஒருவர், ஊழியர்கள் நிற்கும் வரிசைக்குப் போகச் சொன்னார். பேச்சில் அதட்டலும் இருந்தது. சிங்கப்பூர்க் கடப்பிதழைக் கண்டதும் "சார்" ஆகிவிட்டான். தம்பிக்குக் கோபம். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்காக. அதே குரலில்தான் இங்கே நம் ஊரிலும் கட்டுமான ஊழியர்களிடம் சிலர் பேசுகிறார்கள், நாம் அதைக் கடந்து போகிறோம். இதை முஸ்லிம் நாட்டுப் பிரச்சினை என்று எழுதினால் அது பொய்.

அதே படகுத்துறையில்தான் தமிழும் கேட்டது. தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் தோணிகளில் போவது பழைய வழக்கம். எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் அண்ணன் நின்றார். சிங்கப்பூர் என்றதும் தன் மாமா ஒருவர் சிராங்கூனில் வேலை பார்த்ததாகச் சொன்னார். எந்தக் கடையில் தயிர்ச்சாதம் கிடைக்கும் என்று அவர் சொன்ன தகவல் சைவத் தோழிக்குப் பிறந்தநாள் பரிசு போல் ஆனது.

மாலேயைச் சுற்றிப் பார்க்காமல் நேரே தீவுக்குப் படகேறுபவர்கள் பாதி நாட்டைத் தவற விடுகிறார்கள் என்பது என் எண்ணம். 1658ஆம் ஆண்டு கட்டிய ஹுகுரு மிஸ்கீ என்ற பழைய வெள்ளிப் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கல்லே இல்லாத நாடு, பவளப்பாறையை அறுத்துச் செதுக்கிப் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். மாலத்தீவு மக்கள் 1153ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவியதாக வரலாறு சொல்கிறது. அதற்கு முன் அங்கே இருந்தது பௌத்தம். அந்தக் காலத்துப் பவளக்கல் சிலைகள் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தன. 2012 பிப்ரவரி 7ஆம் தேதி அரசியல் குழப்பத்துக்கிடையே ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டது. 2022 ஜூன் 21 அன்று மாலே விளையாட்டரங்கில் நடந்த அனைத்துலக யோகா தின நிகழ்ச்சிக்குள்ளும் ஒரு கூட்டம் புகுந்து கலைத்தது. இவற்றை மறைத்துவிட்டு "எல்லாம் நல்லவர்கள், பயமில்லை" என்று மட்டும் எழுதினால் நான் உங்களை ஏமாற்றியவளாவேன். யோகா செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அறைக்குள் செய்யுங்கள், கடற்கரையில் வேண்டாம்.

ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன அக்காவைப் பற்றியும் எழுதவேண்டும். முக்காடு போட்டவர், எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சிலைகள் உடைந்த கதையை அவர் மழுப்பவில்லை. "அவை எங்கள் முன்னோர் செய்தவை, எங்கள் பொருள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். 14ஆம் நூற்றாண்டில் அங்கு வந்து நீதிபதியாகப் பணியாற்றிய இபின் பதூதா, பெண்கள் மேலுடை அணியவேண்டும் என்று உத்தரவிட்டுப் பார்த்தும் முடியாமல் போனதைத் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இன்று நாம் காணும் வழக்கம் என்றென்றும் இப்படியே இருந்ததில்லை என்பதை அந்த ஊர்க்காரர் வாயாலேயே கேட்டோம். சட்டத்தை அரசு எழுதுகிறது. கும்பல் கும்பலாக நடந்துகொள்கிறது. அந்த அக்கா இரண்டும் அல்லர்.

பெற்றோரின் பயத்துக்கு வருகிறேன். "முஸ்லிம் நாடா? பத்திரம்!" என்று பொதுவாகப் பயப்படுவதால் யாருக்கும் பயனில்லை. கேட்கும் மலாய் நண்பர்கள் மனம் புண்படுவதுதான் மிச்சம். குறிப்பாகப் பயப்படுவது பயனுள்ளது. எந்தத் தீவு, இரவில் படகு உண்டா, அந்தக் கடலில் நீரோட்டம் எப்படி, மே முதல் அக்டோபர் வரையிலான பருவமழையில் அலை கடுமையாகுமா, காப்புறுதியில் கடல் விளையாட்டு அடங்குமா? என்னைக் கேட்டால், அங்கே மாணவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து கடல்தான். எங்கள் அப்பா இந்தக் கேள்விகளைக் கேட்டார், பதில்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனோம். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிந்துகொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செலவுக் கணக்குப் போடுபவர்களுக்குச் சில துணுக்குகள். விசா போய் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசம், திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடப் பதிவும் காட்டவேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் ஐமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவும் அரசுடையது அல்ல. சிறிய விருந்தினர் இல்லங்களில் பசுமை வரி தலைக்கு நாளொன்றுக்கு 6 அமெரிக்க டாலர், அறை வாடகையில் அது பெரும்பாலும் சேராது.

அங்குப் பேச நான் கற்றுக்கொண்டது இரண்டே சொற்கள். ஒன்று நமக்கு முன்பே தெரிந்த சலாம். இன்னொன்று 'ஷுகுரிய்யா', நன்றி. பயணம் போகும் முன் நம் வகுப்பிலேயே இருக்கும் முஸ்லிம் நண்பரிடம் பள்ளிவாசலுக்குள் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொண்டு போவதும் நல்லது. நான் கேட்டேன். அவள் சொல்லித் தந்துவிட்டு, "ஆனா மாலத்தீவைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும், நான் பாசிர் ரிஸ்" என்றாள். இப்போது அவளும் அவள் அம்மாவும் அடுத்த பயணத்துக்கு எங்களோடு வருகிறார்கள். எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவள் ஜோர்தான் என்கிறாள், எனக்கு உஸ்பெகிஸ்தான். இரண்டுக்கும் தனித்தனித் தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.